கோட்டின் மேல் பூசணம்

கண் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் தட்டு கழுவுவது என் வேலை. சோற்றுத் தட்டு இல்லை, கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டு. வேலை முடிந்ததும் ஆவி டிரம்மில் போட்டு அவித்துத் தேய்க்க வேண்டும். அதனால் அங்கே எனக்குப் பெயர் குக்கர் தாத்தா. பதினோரு வருடம் அவித்தும் ஒரு கிருமியைக்கூட நான் பார்த்ததில்லை. இல்லாததைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெட்டிப் பட்டறையில் வேலை செய்யும் என் மகளுக்கு வலது கண்ணில் மரச்சிராய் அடித்தது. இடது கண் குழந்தையிலேயே போய்விட்டது. இருப்பது இது ஒன்றுதான். டாக்டர் புண்ணைச் சுரண்டி எடுத்ததை இரண்டு தட்டில் பிறை மாதிரி கோடாகத் தடவிக் கொடுத்தார். வளர்வதைப் பார்த்துச் சொல்கிறோம், அதுவரை பாக்டீரியாவுக்கு மருந்து என்றார். நாலு நாள் சொட்டு விட்டோம். கண்ணில் வெள்ளை பரவியதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் காலை லேப் அம்மா கேட்டாள்.

"பெரியவரே, உங்க பொண்ணோட தட்டு ஒண்ணு அலமாரியில காணோமே?"

இரண்டு நாள் முன்பு சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூத்த ஒரு தட்டை டிரம்மில் போட்டிருந்தேன். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பூசணம் வந்து தட்டில் விழும். அதை யாரையும் கேட்காமல் அவித்துவிடுவது எங்கள் வழக்கம். தட்டில் எழுதிய எண்ணைப் பார்க்கவில்லை.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன்.

"சரி, இன்னொரு தட்டுல ஒண்ணும் வளரல. அப்படியே எழுதிடறேன்."

வார்டுக்குப் போனேன். மணி பதினொன்று. ஜன்னலில் வெயில் காய்ந்தது.

"யாரது, அப்பாவா? லைட்டப் போடேன்பா. கஞ்சப் பிசினாறி, ஆஸ்பத்திரி கரண்டையுமா மிச்சம் பிடிப்ப?" என்றாள் மகள்.

லேப் அம்மாவிடம் திரும்பி ஓடினேன்.

"அம்மா, தட்ட நான்தான் அவிச்சேன். பூசணம் பூத்திருந்துச்சு."

அவள் பேனாவை வைத்தாள். "எங்க பூத்திருந்துச்சு? ஓரத்திலயா, கோட்டு மேலயா?"

கண்ணை மூடி யோசித்தேன். பஞ்சு வளைந்து நின்றது. பிறை மாதிரி.

"கோட்டு மேல."

"ஐயோ, பெரியவரே! காத்துல வந்தது கண்ட இடத்துல விழும். கோட்டு மேல வந்தா கண்ணுலேர்ந்து வந்ததுய்யா!"

"கிருமின்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா? அதான் மருந்து விடறீங்களே."

"ஆடும் கத்திரிக்காயும் ஒண்ணா? பாக்டீரியா ஒரு வம்சம், பூசணம் வேற வம்சம். சொல்லப்போனா பாக்டீரியாவ விட நாமதான் பூசணத்துக்குக் கிட்டத்துச் சொந்தம். அதைக் கொல்ற மருந்து இது இல்ல."

அன்றே மறுபடி சுரண்டினார்கள். மகள் கத்தியது கூடம் வரை கேட்டது. லேப் அம்மா எடுத்து வந்ததைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். கிளை கிளையாக நூல். உயிருள்ள நூல். என் மகளின் கண்ணுக்குள் குடியிருந்தது.

மருந்தை மாற்றினார்கள். கண் பிழைக்குமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடி கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்" என்றார்.

மணிக்கு ஒரு சொட்டு. நான்தான் விடுகிறேன். இரண்டாவது சொட்டு விடும்போது அவள் கேட்டாள்.

"தட்ட எவனோ தூக்கிப் போட்டுட்டானாமே? யாருப்பா அந்தப் படுபாவி?"

"நான்தாம்மா."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கெஞ்சினேன். அசையவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு மல்லாந்து, இமையைத் தன் விரலாலேயே விரித்துப் பிடித்தாள்.

"நேரமாச்சுல்ல? விடு."

நான் விட்ட சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று விட்டேன்.