குடைமிளகாய்ப் பாத்தியில் பனி

இந்தக் காலத்து ஆட்கள் எதைப் பார்த்தாலும் வாய் பிளப்பதே கிடையாது. இதில் எனக்கென்ன ஆகும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இராஜபாளையத்தில் வீரணன் வீட்டுப் புறவாசலில், ஒரே ஒரு குடைமிளகாய்ப் பாத்தியின் மேல் மட்டும், பங்குனி வெயிலில் பனி கொட்டியது. பார்க்க வந்த அக்கம்பக்கத்தார், மோர்ச்சட்டியைக் குளிர வைக்க ஓரமாய் இடம் கிடைக்குமா என்றார்கள்.

விதை, மகன் சௌந்தரபாண்டியன் கொண்டுவந்தது. பட்டாளத்தில் காஷ்மீரத்துப் பக்கம் இருந்தவன், எண்பத்தாறில் லீவுக்கு வந்தபோது காகிதத்தில் மடித்துப் பெண்டாட்டி நாச்சியார் கையில் கொடுத்தான். உறைக்காத மிளகாய் என்னத்துக்கு என்று வீரணன் முகத்தைச் சுளித்தார். செடி என்னவோ வளர்ந்தது. இந்த ஊர் வெக்கைக்குப் பூவெல்லாம் உதிர்ந்தது. மறு வருஷம் பங்குனியில், பனிச்சரிவில் அவன் புதைந்துபோனான், உடம்பு அகப்படவில்லை என்று தந்தி வந்தது. அன்று உச்சிப்பொழுதில்தான் பாத்தியில் வெள்ளையாய் விழத் தொடங்கியது. மில்லுப் பஞ்சு பறந்து வந்திருக்கிறது என்று வீரணன் விளக்குமாற்றால் கூட்டித் தகரத்தில் அள்ளினார். தகரத்தில் தண்ணீர்தான் நின்றது. மில்லில் பஞ்சடிக்கிற அறையிலேயே ஆயுசைக் கழித்து இருமலை வாங்கிவந்த மனுஷன்; ஈரப்பஞ்சு என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு காய்கள் உள்ளங்கை நிறையக் காய்த்தன. டவுன் பஸ்ஸில் ஏறிக் கிருஷ்ணன்கோவில் காலேஜ் விடுதிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கும் சாக்குச் சாக்காய்ப் போயின. வீரணன் சம்சாரம் வெள்ளத்தாய்க்கு ஒரே பிடி: மகன் நிற்கிற இடத்துப் பனிதான் இங்கே விழுகிறது, அவன் இருக்கிறான்.

நாச்சியாருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. அவர்கள் ஆட்களில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு. ஆனால் செத்தவனுக்குக் கருமாதி முடித்து, மாமனார் வாயால் சரி சொன்னால்தான் பெண்ணுக்கு அடுத்த கல்யாணம். சோழபுரத்திலிருந்து அவள் அண்ணன் சமுத்திரம் வருஷா வருஷம் வந்து கேட்டான். பார்க்காத பிணத்துக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க மாட்டேன் என்றார் வீரணன். அப்படியானால் பனியை நம்புகிறீர்களா என்று கேட்டதற்கு, பனியாவது, பஞ்சு என்றார். நடுவில் அவள் காய் பறித்துக்கொண்டே கிடந்தாள். தொண்ணூற்று மூணில் ஒருநாள், விரல் விறைத்துப்போய்க் கூடையைக் கீழே வைத்தவள் கேட்டாள்.

"நீங்க அவிய செத்துட்டாகன்னும் நம்பலை, இருக்காகன்னும் நம்பலை. நான் எதை நம்பி இந்தத் தாலியைச் சுமக்கேன், மாமா?"

"என்னையக் கேட்டா? நானா கொன்னேன், நானா ஒளிச்சு வச்சேன்?"

அவள் தாலியைத் தானே கழற்றிச் செடியின் வேரடியில் புதைத்தாள். கொஞ்சம் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு சோழபுரத்துக்குப் பஸ் ஏறினாள். அன்றோடு பனி நின்றது. செடிகள் கருகின. மகன் இன்றைக்குத்தான் செத்தான் என்று வெள்ளத்தாய் காய்ந்த பாத்தியில் விழுந்து அழுதாள். அக்கம்பக்கத்தார் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

நாச்சியாரைப் பம்புசெட் மெக்கானிக் சங்கரலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தான் சமுத்திரம். அடுத்த சித்திரையில், அந்த வீட்டுக் கொல்லையில் பனி பெய்கிறது என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னான். வெள்ளத்தாய் அன்றே கிளம்பினாள். சங்கரலிங்கம் முகம் கோணவில்லை; பாத்தி ஓரமாய் நாற்காலி போட்டு, கம்பளியும் வாங்கிக் கொடுத்தான். பொறவு அவள் வீடு திரும்பவில்லை. முதல் புருஷன் கொல்லையில், ரெண்டாம் புருஷன் வீட்டுக்குள் என்று ஊரும் பழகிப்போனது.

தானே பொங்கித் தின்று அலுத்துப்போய், தொண்ணூற்றைந்தில் வீரணன் சம்சாரத்தைக் கூட்டிவரப் போனார். வெள்ளத்தாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். பனியில் பட்டாளத்துப் பூட்ஸ் தடம் ஒன்று பதிந்திருந்தது. விளிம்பு இன்னும் உதிரவில்லை.

"இந்த ஊர்ல மில்லு எங்க இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

வீரணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். இடுப்பில் பிள்ளையோடு வந்த நாச்சியார், செத்த நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாம் மாமா என்றாள்.

"பூட்ஸு எவன் வேணும்னாலும் போடுவான்" என்றார் அவர். தடத்தை மிதித்துவிடாமல் சுற்றிக் கடந்து, பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து நடந்தார்.