விளிம்பில் ஒட்டிய நிறம்

அப்பாவின் தகனம் முடிந்து, அவருடைய பழைய கூட்டாளி லொனியின் வீட்டுக்கு வந்து இறங்கும்போதும் ட்ரூடி அவருடைய ஸ்கேட்போர்டுப் பலகையைக் கையிலிருந்து விடவில்லை. வீட்டின் பின்புறம் அந்த நீச்சல் குளம். எழுபத்தாறாம் வருஷ வறட்சியில் காலியான பிறகு லொனி அதில் தண்ணீர் விட்டதே இல்லை; அதன் சரிவுகளில்தான் எல்லோரும் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். சுற்றிலும் அப்பாவின் கூட்டாளிகள், டோனட்டும் பீருமாக. ஆளுக்கொரு முழங்கால் வலி.

செத்தவனின் பலகையில் ஒருவர் ஏறி, குளத்தின் விளிம்பில் அதை ஒருமுறை தேய்த்து அவனை வழியனுப்புவது அவர்கள் வழக்கம். அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

அப்பா பலகையின் அடிப்புறத்தில் படம் வரைவார். மறுநாளே அதில் ஏறிச் சரிவில் பாய்ந்து, விளிம்பில் அடிப்புறம் உரசச் சறுக்கி, காற்றிலேயே திரும்பி இறங்குவார். அப்படித் திரும்ப முடியும் என்று சாண்டா மோனிகாவில் முதலில் காட்டியவர் அவர்தான். படம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ட்ரூடியின் ஆறாவது பிறந்தநாளுக்கு வரைந்த சிவப்பு நரியும் அப்படித்தான் போயிற்று. அவள் அழுதாள். வேறொன்று வரைந்தார்; அதையும் தேய்த்தார்.

தேயாமல் மிச்சம் இது ஒன்றுதான். போன மாதம், நோய்ப் படுக்கையிலேயே வரைந்த நீலக் கூழைக்கடாப் பறவை.

“இதத் தரமாட்டேன் அங்கிள். வீட்டுல மாட்டப்போறேன்.”

“மாட்டு கண்ணு. ஆணியில தொங்குறதப் பாத்தா உங்கப்பன் எந்திரிச்சு வந்து ஒதைப்பான், அவ்ளோதான்.”

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். லொனி வற்புறுத்தவில்லை.

ட்ரூடி ஆழமான பக்கம் போய் விளிம்பில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவளை இந்த ஓரத்துக்கு விட்டதில்லை. கையூன்றிய கல்லின் பொடித் துளைகளில் பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று பலகைகளின் பெயிண்ட். விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் சிவப்பு. இரண்டு டப்பாக்களைக் கலந்து நரிக்காக அப்பா செய்த, செங்கல் மாதிரியான அந்தச் சிவப்பு.

“இதையெல்லாம் யாரும் கழுவலையா அங்கிள்?”

“கழுவுனா அவன் சண்டைக்கு வருவான்.”

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்; சிவப்பு உதிரவில்லை. பிறகு எழுந்து வந்து லொனியிடம் பலகையை நீட்டினாள்.

“விழுந்தா சிரிக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, எழுபது வயது லொனி முழங்கால் பட்டையை இறுக்கினார்.

சரிவில் ஓர் உருளல். மேலே ‘கறக்’கென்று நீளமாக ஓர் உரசல். அவர் விழவில்லை. யாரும் கைதட்டவுமில்லை.

ட்ரூடி மறுபடி அந்த இடத்தில் குனிந்தாள். நரியின் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீலம். தொட்டபோது இன்னும் சூடாக இருந்தது.