ஹெட்லி வயலின் கொம்புச் சாமி

ஆட்டுப் பண்ணைக்காரர் ஹெட்லியின் சேற்று வயலில் பழங்காலத்துச் சாமி இருந்தது உறுதியானால், அவர் அங்கே ஆட்டுக் கொட்டகை கட்ட முடியாது. அரசாங்கம் வயலைப் பாதுகாத்து, ஒரு கடப்பாரை கூடப் போட விடாது. அதனால் இங்கிலாந்தின் வடக்கே, இந்த நார்தம்பர்லாந்திலேயே அந்தச் சாமிக்கு அவரைப் போல எதிரி கிடையாது.

வயல் ஊற்றுக்குப் பக்கத்தில், கொம்பு முளைத்த ஆளைச் செதுக்கிய கல் ஒன்று கிடைத்திருந்தது. ரோமாபுரிச் சிப்பாய்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து கும்பிட்ட சாமி என்றார், அகழாய்வுக்குத் தலைவியான டாக்டர் ஹில்டா. பக்கத்து ரோமானியக் கோட்டையிலிருந்து யாரோ உருட்டிக்கொண்டு வந்த கல் என்றார் ஹெட்லி. இந்தப் பக்கம் பாதி வீடுகள் கோட்டைக் கல்லில் கட்டியவைதான். அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை.

பிறகு ஊற்றுச் சேற்றில் ரோமானியக் காசுகள் வந்தன. எல்லாம் இரண்டாக வளைந்தவை. வேண்டுமென்றே வளைத்துச் சாமிக்குப் போட்ட காணிக்கையேதான் என்று குதித்தார் ஹில்டா. தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் பையிலிருந்து விழுந்தவை, வளைத்தது என் டிராக்டர் என்று கையைக் கட்டிக்கொண்டார் ஹெட்லி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், கொம்புச் சாமிக்கு இடம் கொடுப்பாரா? விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் மல்லுக்கட்ட, சேற்றை அலசி இடுப்பு ஒடிந்தது ஹில்டாவிடம் வேலைக்கு வந்த எனக்கு.

கடைசி நாள் என் சல்லடையில் பளபளவென்று ஒரு புதுக்காசு. இப்போதைய அரசர் தலை போட்டது. அதுவும் வளைந்திருந்தது. எவனோ வேலையற்றவன் செய்த குறும்பு என்று எரிச்சலோடு குப்பை வாளியில் எறிந்தேன்.

"ஏம்மா, அத எடு. எடுத்த எடத்துலயே போடு," என்றார் ஹெட்லி. முகம் வெளுத்துவிட்டது.

உங்களுடையதா என்று கேட்டேன்.

"வருசா வருசம் ஆடு குட்டி போடுற நேரம் ஒரு காசு. எங்கப்பா போட்டாரு, தாத்தா போட்டாரு, நானும் போடுறேன். கும்பிடுறதெல்லாம் இல்ல. ஒரு மரியாத, அவ்வளவுதான்."

ஹில்டா மெல்லக் கேட்டார்: "அத ஏன் வளைச்சீங்க?"

"இது என்ன கேள்வி டாக்டரம்மா? வளைக்காம போட்டா, தவறி விழுந்த காசுன்னுல்ல நெனைப்பாரு. குடுத்ததுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தன் வாயாலேயே கொட்டகையை இடித்துவிட்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

ஹில்டா அவசரமாகப் பேனாவைத் தேடினார். ஹெட்லி வாளிக்குள் கைவிட்டுக் காசை எடுத்து, சட்டையில் துடைத்து, ஊற்றில் போட்டார்.

"கொட்டகைதான் போச்சு," என்றார் என்னிடம். "இவரையும் பகைச்சுக்கிட்டா என் ஆட்ட யாரு பாக்கறது?"