வெட்டச் சொன்னவர் எவருமில்லை

1

திரைப்பட நிதி ஒன்று எப்படி இயங்குகிறது என்று விளக்கும் கட்டுரையாகத்தான் இதைத் தொடங்கினேன். இடையில் எவ்லின் வந்தாள், கட்டுரை கெட்டது.

அந்த நிதியின் பொறிமுறை அழகானது. நாங்கள் பிறந்த நாட்டின் அரசு, புலம்பெயர்ந்தோர் எடுக்கும் படங்களுக்கும் பணம் தந்து தேசியச் சினிமாவை வளர்க்கிறது. (எந்த நாடு என்று எழுதி, அழித்தேன். அழிக்கச் சொல்லி என்னையும் யாரும் கேட்கவில்லை.) கதைக்கு ஒரு பங்கு, படப்பிடிப்புக்கு ஒரு பங்கு, முடிந்த படத்தைப் பார்த்தபின் கடைசிப் பங்கு. எதையும் நீக்கச் சொல்லமாட்டார்கள். பிடிக்காவிட்டால் பதிலே வராது. அப்படிக் காத்துக் களைத்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

2

“அன்று நிதி அதிகாரி எவ்லினை அழைத்து, அந்தக் காட்சியை”

இல்லை. அவள் பழியைச் சுமக்க நான் வைத்த ஆள் அவர். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது இது. எவ்லின் ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் படத்தொகுப்பாளர். கிறிஸ்தோப்பர் இயக்கிய விவரணப்படத்தில், இங்கே வாழும் கொறற்றி என்ற தாய், தன் ஊர்ச் சேமக்காலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். இறந்தோர் நினைவுநாள். பெற்றோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மகனின் படத்தைக் காட்டிச் சொல்கிறார்: “இவனுக்குக் கொளுத்தமாட்டன். சீருடைக்காரர் கூட்டிக்கொண்டு போனவங்கள். செத்தவன் இல்லை.”

எவ்லின் அந்தப் பேச்சை மட்டும் வெட்டினாள்.

“அண்ணை, அந்த இடம் நீளமாக் கிடந்தது. குறைச்சிட்டன்.”

“நீளமோ? நிதிக்காரர் உனக்கும் சம்பளம் தாறாங்களோ?” கிறிஸ்தோப்பர் சிரித்தார். திரும்பப் போடச் சொல்லவில்லை. கடைசிப் பங்கு வந்தது.

(படத்தொகுப்பின் விதி எளிது: அடுத்தடுத்து வைத்தவை ஒன்றையொன்று விளக்கும். மகனின் முகம், உடனே கல்லறைச் சுடர்கள். பார்ப்பவருக்கு மகன் இறந்துவிட்டான். எவ்லினுக்கு இந்த விதி தெரியும்.)

3

முடிவு அ: திரையிடலுக்கு முன் எவ்லின் பேச்சைத் திரும்பச் சேர்க்கிறாள். எழுதினேன், அவளுடைய அடுத்த படமும் அதே நிதியில் என்பதால் நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: வைத்தியரிடம் Termin, முன்பே குறித்த நேரம், இருந்ததால் கொறற்றி திரையிடலுக்கு வரவில்லை. இது கோழைத்தனம், எவ்லினுடையதல்ல.

கொறற்றி வந்தார், அயல்வீட்டு ஜேர்மன்காரரையும் கூட்டிக்கொண்டு. “சனம் என்னைப் பைத்தியம் எண்டுதுகள். இண்டைக்கு அவன் செத்தவன் இல்லையெண்டு எல்லாரும் கேக்கட்டும், என்ன பிள்ளை?”

“ஓம் அக்கா” என்றாள் எவ்லின்.

படம் முடிந்தது. அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து கொறற்றியின் கையைப் பிடித்து, மகனின் இழப்புக்கு அனுதாபம் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள். கொறற்றி அவர்களை விலக்கிக்கொண்டு எவ்லினிடம் வந்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்கு எழுத வரவில்லை.

“நான் மெல்லமாச் சொல்லிப்போட்டனோ, பிள்ளை? மைக்கில விழேல்லையோ? திரும்பச் சொல்லட்டோ?”

எவ்லின், “அக்கா,

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் முடியுங்கள். கொறற்றி நின்றுகொண்டிருக்கிறார்.