அடுப்பில்லாமல் கொதித்த பானை

ஹீன்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் மேல் லயத்தில், ஷாமிளாவின் வீட்டுத் தரையில் இருந்த அலுமினியப் பானை அடியில் நெருப்பில்லாமல் கொதிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே கால் மணிக்கு. அன்று புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில் தேங்காய் நூற்றெண்பது ரூபாய். பானைக்குள் உள்ளங்கையில் அடங்கும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, அதற்கொரு மூடி, பிள்ளைக்குப் புகட்டும் சின்னக் கரண்டி ஒன்று, இவ்வளவுதான். மூன்றையும் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, குமிழி வந்த பிறகு பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமி சாகும் என்று மிட்வைஃப் மிஸ்ஸி சொல்லியிருந்தார். ஷாமிளா மணி பார்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பானையை ஆறட்டும் என்று தரையில் இறக்கினாள். அது ஆறவில்லை. ஈரச் சாக்கின் மேல் வைத்தாள். அப்போதும் தளபுள என்று கொதித்தது. மாலையாகியும் தண்ணீர் ஒரு விரற்கடைகூட வற்றவில்லை. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

பானை கொதித்தது லயத்தில் யாரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. கிண்ணம் வாங்கியதுதான் குற்றம். மேல் லயத்தில் இரண்டு விதிகள் இருந்தன. பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது. வாங்கினால் கண் பட்டுவிடும். பிள்ளை பிறந்துவிட்டால், தீட்டுக் கழியும்வரை, வீட்டில் புழங்கும் பாத்திரம் எதுவும் அடுப்படியிலிருந்து பேறு நடந்த அறைக்குள் போகக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் யாருக்கும் தொல்லை தராதவை. இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் ஷாமிளாவுக்கு எட்டாம் மாதத்திலேயே முதல் பிள்ளை பிறந்தபோது, இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் புகட்ட வேண்டும். வீட்டுப் பாத்திரம் உள்ளே வரக் கூடாது. புதுப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கவில்லை. கடை, மண்சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷாமிளாவிடம் பால் இருந்தது; அதை ஏந்த ஒன்றும் இல்லை. சேலையில் வடிந்து காய்ந்தது. பெரியவர்கள் பேசிப் பேசி, கடைசியில் பிளாஸ்க் மூடியைக் கழுவி உள்ளே நீட்டியபோது இரண்டாம் நாள் சாயங்காலம் ஆகியிருந்தது. பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது.

ஆகவே இந்த முறை அவள் வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டர் நடந்து புவாட்டின் பாத்திரக் கடைக்குப் போனாள்.

"யாருக்கு தங்கச்சி, இம்புட்டுச் சின்னக் கிண்ணம்?" என்றார் புவாட்.

"வரப்போற புள்ளைக்குத்தான் நானா."

தோட்டத்து வழக்கம் புவாட்டுக்குத் தெரியும். "பொறந்த பொறகு வாங்குங்களேன். நான் எடுத்து வைக்கிறேன்."

"அப்ப ரோடு இருக்குமா நானா?"

புவாட் கிண்ணத்தைத் துடைத்துக் கொடுத்தார். அவள் பை வேண்டாம் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு, பத்துக் காம்பரா வீடும் பார்க்க லயத்துக்குள் நடந்து வந்தாள்.

மாமியார் வெள்ளையம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பானை கொதிக்கத் தொடங்கியதும் பேசினாள். "பாத்தியா புள்ள, சாமியே கொதிக்குது." பழைய கங்காணி மூக்கையாவைக் கூட்டி வந்தார்கள். அவர் பானையைச் சாக்கால் பிடித்துத் தூக்கி, கிண்ணம் மூடி கரண்டியோடு வாசலோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். தண்ணீர் கொதித்தபடியே பத்து வீட்டு வாசலையும் கடந்து ஓடியது. அன்றைக்கு லயத்துக் கான் கண்ணாடி மாதிரி இருந்தது. ஷாமிளா கானில் இறங்கி மூன்றையும் பொறுக்கினாள். பைப்பில் தண்ணீர் பிடித்து, அவற்றைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்து முடிப்பதற்குள் பானை மறுபடி கொதித்தது.

செய்தி தேயிலை ஃபெக்டரிக்குப் போனது. அங்கே தேயிலை உலர்த்தும் பொறுப்பிலிருந்த டீமேக்கர் தினேஷுக்கு விறகுத் தட்டுப்பாடு. நெருப்பில்லாத சூடு என்றதும் அவர் ஜீப்பில் வந்து பானையைக் கேட்டார். ஷாமிளா பானையைக் கொடுத்தாள், கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. முதல் வளைவு தாண்டுவதற்குள் தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து கிண்ணத்தை உள்ளே விட்டதும் கொதித்தது. சூடு பானையிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை, கிண்ணம் உள்ளே கிடப்பதில் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அவர் விடாமல் இரண்டு முட்டை போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து உடைத்தால் இரண்டும் பச்சையாகவே இருந்தன. வேறெதற்கும் அது பயன்படாது என்று தினேஷ் தன் மனதுக்குள் தீர்மானித்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மாதா மாதம் வரும் மிட்வைஃப் கிருசாந்தி மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துக்காரர், குனிந்து கைக்கடிகாரத்தையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்து நிமிசம் எண்டுதானே நான் சொன்னனான், ஷாமிளா. பத்து நாள் எண்டு சொல்லேல்லையே." பிறகு அட்டையில், 'பாத்திரம் சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் மாதம் தொடங்கிய அன்று கணவன் மதுசனும் தாயோடு சேர்ந்துகொண்டான். "கிண்ணத்தக் கடையில குடுத்து வச்சிருவோமே. பொறந்ததும் எடுத்துக்கலாம். அம்மாவுக்குப் பயமா இருக்குல்ல."

ஷாமிளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போன தடவ ஒன்னுமே வாங்கலதானே?"

"ம்."

"கண்ணு படலையா?"

மதுசன் எழுந்து விறகு பிளக்கப் போனான். பானை கொதித்தபடியே இருந்தது.

பதினோரு நாள் கழித்து, ஐந்து நாள் மழைக்குப் பிறகு, ரோடு அதே இடத்தில் சரிந்தது. அன்று, வெள்ளிக்கிழமை பகல், ஷாமிளாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஒரு சின்னப் பப்பாளிப் பழத்தளவு. வெள்ளையம்மாதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளை மார்பில் வாய் வைத்தது, இரண்டு முறை உதட்டை அசைத்தது, தூங்கிவிட்டது. போனுக்கு சிக்னல் கிடைப்பது லயத்துக் கோடியில் உள்ள பலா மரத்தடியில் மட்டும். மதுசன் அங்கே நனைந்தபடி நின்று கிருசாந்தி மிஸ்ஸி சொல்வதைக் கத்த, ஒவ்வொரு வாசலிலும் நின்ற பெண்கள் அடுத்த வாசலுக்குக் கத்தினார்கள்.

"புள்ளைய நெஞ்சோட நெஞ்சா வைக்கணுமாம்! துணி நடுவுல கூடாதாம்!"

"கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பீச்சணுமாம்!"

"கிண்ணத்துலயாம்! கிண்ணம் எங்க?"

கிண்ணம் அடுப்படியில் இருந்தது. பிள்ளை அறையில் இருந்தது. நடுவில் ஒரு வாசற்படி. வெள்ளையம்மா அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றாள். போன முறையும் அவள் அதே இடத்தில்தான் நின்றிருந்தாள், இரண்டு நாள். பிறகு அடுப்படிக்குப் போய், கையைக் கழுவி, கொதிக்கிற தண்ணீருக்குள் வெறுங்கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். கை சுடவில்லை. கிண்ணம் வெளியே வந்ததும் பானை அடங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழாமல் பானைக்குள்ளேயே உதறி, படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"புடி புள்ள," என்றாள். "ஏந்து."

முதல் முறை வந்தது ஏழெட்டுச் சொட்டு, மஞ்சள் நிறத்தில். அதுவே போதும், முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு சுண்டைக்காய் அளவுதான். "புள்ளைய நிமுத்திப் புடிக்கணுமாம், கீழ் உதட்டுல வைக்கணுமாம், ஊத்தக் கூடாதாம்!" என்று கடைசி வாசல் கத்தியது. ஷாமிளா விளிம்பை உதட்டில் வைத்துப் பால் நாக்கைத் தொடும் அளவு மட்டும் சாய்த்தாள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளையம்மா கிண்ணத்தைக் கழுவிப் பானையில் விட, அது உடனே கொதித்து, அடுத்த வேளைக்குத் தயாராக இருந்தது. மூன்றாம் நாள் மூக்கையாவும் ஆட்களும் மண்ணை வெட்டி ஒதுக்கி வேன் போக வழி செய்தார்கள். ஆஸ்பத்திரித் தராசு ஒன்றே முக்கால் கிலோ காட்டியது. இருபத்திரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தக்‌ஷிகா என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவள் கிண்ணத்தைத் தூக்கி எறிந்து விளையாடுகிறாள்.

அவள் விளையாடி முடித்ததும் கிண்ணத்தைக் கழுவி உள்ளே விடுகிறார்கள்; பானை இன்னும் கொதிக்கிறது. அடியில் கரி பிடிக்காததால் வாங்கிய அன்று போலவே இருக்கிறது. அது வழியில் இருக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. போன மாதம் நாலாவது காம்பரா மனோகரி, ஐந்து மாதக்காரி, எதையோ முந்தானைக்குள் மறைத்தபடி சுவரோரமாக வந்தாள். வாசலில் கொழுந்துப் பையைத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா அது?"

"கிண்ணம் பெரியம்மா."

"திருடிக்கிட்டா வந்த?"

"இல்ல பெரியம்மா, புவாட் நானா கடையில..."

"அப்ப ஏன்டி ஒளிக்கிற? திரும்பிப் போ. ரோட்டுலருந்து வா. எல்லாரும் பாக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வா."

மனோகரி திரும்பிப் போனாள். பகல் வெயிலில் கிண்ணத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி, பத்து வாசலையும் கடந்து நடந்து வந்தாள். வெள்ளையம்மா பையை மடியிலிருந்து இறக்கி, கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாள். கிண்ணம் டங்கென்று பானைக்குள் விழுந்தது. தண்ணீர் ஒரு விரற்கடை உயர்ந்து, தொடர்ந்து கொதித்தது.