இன்னும் ஒரு சுற்று

கப்பல்களுக்குக் குடிநீர் ஏற்றும் எங்களிடம் ஓர் எழுதாத சட்டம் உண்டு. குழாயைப் பூட்டியவனேதான் கழற்ற வேண்டும். போன மாதம் ஒருவரின் குழாய் கப்பல் இழுத்ததில் கிழிந்து, நல்ல தண்ணீரெல்லாம் கடலில் கொட்டியது. அன்றிலிருந்து அவர் பெயரே 'தாரை வார்த்தவர்'. என் தம்பிக்கு அப்படி ஒரு பட்டம் வந்துவிடக் கூடாதாம். உயிர் போனாலும் பரவாயில்லையாம், மடையனுக்கு!

நான் வால்வு அறையில் இருந்தேன். அவன் எதிரே, துறை மேடையில். அப்போது துறைமுகக் கால்வாயில் ஒரு பெரிய கப்பல் தறிகெட்ட வேகத்தில் கடந்தது. அது இழுத்த இழுப்பில், தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் மேடையை விட்டு விலகத் தொடங்கியது. அதைக் கட்டியிருந்த கயிறு விறைத்து முனகியது. கயிறு கட்டும் ஆட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அறுந்து வீசும் கயிறு ஆளை இரண்டாக்கிவிடும்.

தம்பி ஓடவில்லை. கயிற்றை ஒட்டியிருந்த இரும்புத் தூணில் குழாய்ப் பூட்டைக் கழற்றக் குனிந்து, தண்ணீரை அடைக்கச் சொல்லிக் கை காட்டினான். சட்டென்று கழற்றிவிட்டு வரட்டும் என்று அடைத்துத் தொலைத்தேன்.

"போதும்டா, விட்டுட்டு வாடா!" ஜன்னலில் தலையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினேன்.

"இன்னும் ஒரு சுத்துதான்க்கா!"

கயிற்றிலிருந்து புகை கிளம்பியது. கெஞ்சினால் இவன் வரமாட்டான். இவனை இருந்த இடத்திலிருந்து கிளப்ப ஒரே வழி, கோபமூட்டுவதுதான். வால்வை ஒரேயடியாகத் திறந்தேன்.

பாதி கழன்ற பூட்டு பிய்த்துக்கொண்டது. பீறிட்ட தண்ணீர் அவனைப் புரட்டித் தள்ளிவிட்டு, எல்லோரும் பார்க்கக் கடலில் கொட்டியது. எழுந்தான். சொட்டச் சொட்ட நனைந்தபடி நேராக என்னிடம் வந்தான்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நீயெல்லாம் ஒரு அக்காவா? இத்தன பேரு முன்னாடி என் மானத்த..."

வெடி வெடித்தாற்போல் கயிறு அறுந்தது. குழாய் பூட்டும் இரும்புத் தூணை அடியோடு சாய்த்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் குனிந்திருந்த இடத்தில் எதுவுமே நின்றுகொண்டிருக்கவில்லை.

ஜன்னல் வழியாகவே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா நிறுத்திட்ட? திட்டு. மிச்சத்தையும் திட்டுடா."