வேலம்மாள் பக்கத்துப் பழம்

வேலம்மாளுக்கு முழங்கால் வலி. எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் கந்தசாமி பார்த்தார், காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்கு அவளை மாற்றிவிட்டார். உட்கார்ந்த இடத்தில் சொத்தைக் கொட்டை பொறுக்குகிற வேலை. மேடு ஏற வேண்டாம், அட்டைக்கடி கிடையாது. கொடுத்து வைத்தவள்தான், யார் இல்லையென்றது?

ஆனால் நாலே நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷமாக அவளும் சாந்தாமேரியும் ஒரே வரிசையில் பழம் பறித்தவர்கள். செடிக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் இவள். மாமியார் சண்டை, மகள் கல்யாணம், எல்லாம் இலைக்கு நடுவிலேயே பேசித் தீர்ந்தது. வேலை முடிந்தால் சாந்தாமேரி தூரத்திலிருக்கும் தன் ஊர் தலைச்சோலைக்கு நடையைக் கட்டிவிடுவாள். இனி அவளை எங்கே பார்ப்பது? களத்திலும் நாலு பேர் பேசத்தான் பேசினார்கள். "அப்பறம் என்னாச்சு புள்ள?" என்று கேட்கத்தான் ஆளில்லை.

"நெழல்ல உக்காந்து வேலை செய்யக் கசக்குதா உனக்கு?" என்றான் புருஷன் காளியண்ணன்.

"ஆமா, கசக்குது!" என்று எரிந்து விழுந்தாள்.

ஒன்பதாம் நாள் ரைட்டர் களத்துக்கே வந்து கத்தினார். "உன் கூட்டாளிக்கு என்ன கேடு? மூணு நாளாச் சொல்றேன், காதுலயே ஏற மாட்டேங்குது. வந்து பாரு!"

போய்ப் பார்த்தாள். வரிசை நெடுக, ஒவ்வொரு செடியிலும் ஒரு பக்கம் சுத்தமாகப் பறித்திருந்தது. மறுபக்கம் பழம் கனிந்து, உதிரத் தொடங்கியிருந்தது.

"வேணும்னு செய்யலீங்க" என்றாள் சாந்தாமேரி, தலையைக் குனிந்தபடி. "என் பக்கம் முடிஞ்சதும் காலு தன்னால அடுத்த செடிக்குப் போயிருதுங்க."

வேலம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் இங்கயே வந்தர்றனுங்க."

"நல்லா யோசிச்சுக்க. களத்துக்கு இன்னைக்கே வேற ஆளப் போட்டுருவேன். நாளைக்குக் காலு வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

"வலிச்சா இவகிட்டச் சொல்லிக்கறனுங்க."

ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். வேலம்மாள் கூடையை இடுப்பில் கட்டினாள்.

"கிறுக்கி, நெழலை உட்டுட்டு வந்து நிக்கறயே!" என்று திட்டிய சாந்தாமேரி, முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "ஒம்போது நாளா நொம்பத் தவிச்சுப் போயிட்டேன் புள்ள."